ஒரே முகவரியில் இரண்டு பிள்ளைகள்

அத்தியாயம் 14

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தேன்.

ஆறரைக்கு மகள் மிளகை எழுப்பினேன். எழவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே குளியலறைக்கு நடந்து சுவரில் முட்டிக்கொண்டாள். அழவில்லை.

பல் தேய்த்துவிட்டேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. ஐந்தரை வயதுக்குச் சரிதான்.

தலை வாரினேன். இரண்டு ரப்பர் பேண்ட். வலது பக்கக் குடுமி எப்போதும் கொஞ்சம் மேலே போய்விடும். ஏழு மாதமாக வாரிவிடுகிறேன். இன்னும் சமமாக வரவில்லை.

ரொட்டி, முட்டை. வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளை என் தட்டுக்குத் தள்ளினாள். நான் தின்றேன்.

“அப்பா, இன்னைக்கும் பெரியம்மா வீடா?”

“ஆமா.”

“நாளைக்கு?”

“தெரியல.”

உண்மையாகவே தெரியவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை முதல் வகுப்புச் சேர்க்கைப் பட்டியல் வந்தது. ஐந்து பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நான் எழுதவே எழுதாத ஆறாவது ஒன்றில் மிளகுக்கு இடம் போட்டிருந்தார்கள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருப்பதால் டிப்போ பள்ளி. ஸ்கூட்டரில் நாற்பது நிமிடம். அந்தப் பள்ளியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. பன்னிரண்டரைக்கு முதல் வகுப்பை விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த நேரத்தில் நான் ஊரின் மறுகோடியில் யாருடைய கடைவாய்ப் பல்லையோ செதுக்கிக்கொண்டிருப்பேன்.

முதலாவதாக எழுதியது மணிக்கூண்டுப் பள்ளி. நான் பொய்ப்பல் செய்யும் லேப்பின் ஜன்னலிலிருந்து அதன் கேட் தெரியும். பள்ளி விட்டதும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். முதலாளியம்மா அதற்காகவே ஒரு குட்டி ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டார்.

மணிக்கூண்டு இல்லையென்றால் அண்ணி வீடு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அண்ணி. சாயங்காலம் விளையாட அண்ணி. ‘மழை வர்ற மாதிரி இருக்கு, ராத்திரி இங்கயே தூங்கட்டுமே’ என்று அதற்கும் அண்ணி. ஏற்கெனவே வாரத்தில் இரண்டு இரவு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

என் அண்ணன் வீடு ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர் மகனுக்கு ஆறு வயது ஆகப் போகிறது. மிளகைவிட நான்கு மாதம் மூத்தவன். ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்பதால் பம்பரம். அவனுக்கு மணிக்கூண்டுப் பள்ளி கிடைத்துவிட்டது.

“குலுக்கல்ல விழுந்துச்சு தம்பி. எல்லாம் அவன் அதிர்ஷ்டம்” என்று அண்ணி சொன்னார்.

நம்பினேன். நம்புவதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

அன்று காலை மிளகை விடப் போனபோது அண்ணி வாசலிலேயே சீப்போடு நின்றார்.

“என்ன தம்பி இது, குடுமி ஒண்ணு மாடியில, ஒண்ணு தரையில?” ரப்பர் பேண்டை உருவிக் கையில் மாட்டிக்கொண்டார். “நீங்க எதுக்கு இதெல்லாம் பண்றீங்க? அப்படியே கொண்டாந்து விடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“இருக்கட்டும் அண்ணி.”

“டிப்போ பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடம்தானே? அதையே நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க. மத்தியானம் நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன். இவ துணிமணியெல்லாம் இங்கயே கொண்டாந்து வெச்சுடுங்க. நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க.”

என் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏழு மாதமாக என் தலை அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்துவந்தது.

---

லேப்பில் அன்று ஒரு பாட்டிக்கு முழுப் பல் செட். மெழுகில் மேல் வரிசைப் பற்களை நட்டுக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு வந்து நின்றார்.

“ரெண்டாவது பல்லு திரும்பியிருக்கு. அந்தம்மா சிரிச்சா ஒரு பக்கமா முறைக்கிற மாதிரி இருக்கும்.”

பிடுங்கி நேராக நட்டேன்.

“ஸ்கூல் என்னாச்சு?”

“டிப்போ.”

“அது சனிக்கிழமையே தெரியும். ஏன் டிப்போன்னு கேட்டியா?”

“லிஸ்ட்ல அப்படித்தான் வந்திருக்கு.”

“லிஸ்ட் வானத்துலேருந்து விழுந்துச்சா? வாய் எதுக்குய்யா இருக்கு, பல்லு மாட்டவா?”

அடுத்த பல்லை மெழுகில் அழுத்தினேன்.

“ஒரு கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தாத்தான் மணிக்கூண்டுல எடுப்பாங்கன்னு நீதானே சொன்னே? உன் வீடு நடந்தா ஆறு நிமிஷம். உங்க அண்ணன் வீடு ரயில் கேட்டுக்கு அந்தாண்ட. கேட்டு மூடியிருந்தா அவரு வேலைக்குப் போறதே சந்தேகம். அங்கேருந்து ஒருத்தன் உள்ள போறான், இங்கேருந்து ஒருத்தி வெளிய நிக்கிறா. உனக்கு இது இடிக்கலையா?”

இடிக்கவில்லை. அதுதான் என்னை முதலில் அருவருக்க வைத்தது. மூன்று நாளாக இரண்டு விஷயமும் என் தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் கிடந்தன. நான் ஒன்றோடு ஒன்றைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

“போ. அந்தம்மா ஒரு நாள் பொக்கை வாயாவே இருக்கட்டும்” என்றார் முதலாளியம்மா.

---

கல்வி அலுவலக வாசலில் மர நிழலில் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் அடுக்கடுக்காக ஆட்சேப மனுக்கள். பெயரை மட்டும் நிரப்பினால் போதும்.

“வாங்க சார். காரணம் என்ன வேணும்? ஆஸ்துமா எழுதலாம், கூட்டுக் குடும்பம்னு எழுதலாம், அம்மா வேலைக்குப் போறாங்கன்னு எழுதலாம்.”

“அம்மா இல்ல.”

“இல்லன்னா? பிரிஞ்சு…?”

“இறந்துட்டாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. பிறகு அது மலர்ந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்து, அவசரமாகச் சுருங்கியது.

“அடடா. அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? அதுக்குத் தனி மனு வெச்சிருக்கேன். படிச்சா ஆபீசரே அழுவாரு. அம்மா போட்டோ ஒண்ணு இருந்தா ஒட்டிடலாம். ஆஸ்பத்திரியில எடுத்ததா இருந்தா இன்னும் நல்லா எடுபடும்.”

வாயில் புளித்த நீர் ஊறியது. அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். “இல்லடி, அழுகை வரமாட்டேங்குது. காலையிலேருந்து ரெண்டு தடவை அழுதுட்டேன்ல, தீந்துபோச்சு.” பின்னால் நின்ற தகப்பன், பட்டியலில் தன் மகன் பெயர் வந்த பக்கத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். எல்லோருக்கும் ஒரே முகம். பிள்ளைக்கு முதல் தோல்வியைத் தாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்ற முகம்.

கவுண்டரில் இருந்த கிளார்க் கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டியிருந்தார். விண்ணப்ப எண்ணை அடித்துப் பார்த்தார்.

“இந்த முகவரியில ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இடம் குடுத்தாச்சே.”

“என் வீட்டுல ஒரே பிள்ளைதான்.”

“மாடியில?”

“மாடியில தண்ணித் தொட்டி.”

“அப்போ தண்ணித் தொட்டிக்கு ஒரு பையன் இருக்கான் போல” என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பம்பரத்தின் பெயர். என் அண்ணன் பெயர். என் வீட்டு எண். பக்கத்தில், மாடி.

கிளார்க் பொறுமையாகத்தான் சொன்னார். நெருக்கடியான பள்ளிகளில் ஒரு முகவரிக்கு ஒரு பிள்ளை. இரண்டு விண்ணப்பம் வந்தால் வயதில் மூத்த பிள்ளைக்கு. இளைய பிள்ளையின் விண்ணப்பம் கடைசிக் கட்டுக்குப் போய்விடும். அந்தக் கட்டைப் பிரிப்பதற்குள் மற்ற நான்கு பள்ளிகளும் நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது டிப்போ.

“அவங்க அங்க குடியிருக்கறதா வீட்டுக்காரரே எழுதிக் குடுத்திருக்காரே” என்றபடி ரப்பர் விரலால் கட்டைப் புரட்டி ஒரு தாளை உருவினார்.

என் அண்ணன் குடும்பம் என் வீட்டு மாடியில் இரண்டு வருடமாகக் குடியிருப்பதாக அந்தத் தாள் சொன்னது. அடியில் என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில், பென்சிலில், சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

குறியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. மனைவி போய் மூன்றாவது வாரம். அண்ணி ஒரு ஃபைலோடு வந்தார். ஆஸ்பத்திரித் தாள், காப்பீட்டுத் தாள், கரண்ட் மீட்டர் பெயர் மாற்றம். “நீங்க ஒண்ணும் படிச்சுத் தலையைக் குழப்பிக்காதீங்க தம்பி. எங்கெங்க போடணுமோ அங்க பென்சில்ல குறி வெச்சிருக்கேன்.” குறி இருந்த இடத்தில் எல்லாம் போட்டேன். பதினொரு கையெழுத்து. பன்னிரண்டாவதாக என் மரண ஓலை இருந்திருந்தாலும் போட்டிருப்பேன். போட்டு முடித்ததும், “என் தெய்வம் நீங்கதான் அண்ணி” என்று சொன்னேன். அதுவும் ஞாபகம் வந்தது.

“ஆட்சேபம் குடுக்கலாமா?” என்று கேட்டேன்.

“குடுக்கலாம். குடுத்தா அந்தப் பையன் இடத்தை நிறுத்தி வெப்போம். வியாழக்கிழமை விசாரணை. ஆனா கையெழுத்து உங்களுது.”

“படிக்காமப் போட்டேன்.”

“எல்லாரும் அதைத்தான் சார் சொல்லுவாங்க. நம்பினாங்கன்னா உங்க பொண்ணுக்கு மணிக்கூண்டு. நம்பலைன்னா நீங்களும் சேர்ந்துதான் பொய் சொன்னீங்கன்னு ஆகும். இப்ப இருக்கற டிப்போ இடமும் போயிடும். அடுத்த வருஷம்தான். யோசிச்சு அஞ்சு மணிக்குள்ள வாங்க.”

மனுத் தாளைக் கொடுத்தார். வெளியே ஒரு குழாய் இருந்தது. வாய் கொப்பளித்தேன். மூன்று முறை. புளிப்பு போகவில்லை. ஏழு மாதமாகத் தினம் சாயங்காலம் அண்ணி தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத்தான் தின்றேன்.

---

அண்ணன் வீட்டுக் கூடத்தில் பள்ளிக்கூட விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. பம்பரம் புதுச் சீருடையில் நாற்காலி மேல் நின்றிருந்தான். சட்டையில் கடையின் சீட்டு தொங்கியது. கையில் அடிக்குச்சி. சோபாவில் இரண்டு பொம்மைகளும் ஒரு தலையணையும் மாணவர்கள். மிளகு கீழே, வெறும் தரையில் சம்மணம் போட்டிருந்தாள்.

“ஏன் கீழ உக்காந்திருக்கே?”

“நான் டிப்போ ஸ்கூல்ப்பா. டிப்போ ஸ்கூல்னா தரைதான்.”

“யாரு சொன்னா?”

“பெரியம்மா.” பிறகு, அண்ணியைக் காப்பாற்றும் அவசரத்தோடு, “சும்மாதான் சொன்னாங்க. சிரிச்சாங்க.”

தலையணைக்குக் கிடைத்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதையும் அவள் விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள்தான். சந்தேகமே இல்லை.

அண்ணன் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி சமையலறையிலிருந்து வந்தார். நான் மனுத் தாளை மேஜையில் வைத்தேன்.

“என் வீட்டு மாடியில யாரு குடியிருக்காங்க அண்ணே?”

அண்ணன் நிமிரவில்லை. மென்றுகொண்டே இருந்தார். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டும் நான் செய்து கொடுத்தது.

“உக்காருங்க தம்பி, தட்டு வைக்கிறேன்” என்றார் அண்ணி.

“அண்ணி, மாடியில யாரு இருக்கா?”

“ஓ, அதுவா?” என்றார். ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “ரெண்டு பேருக்குமே கிடைக்கும்னு நினைச்சுதான் குடுத்தோம். ஒருத்தருக்குத்தான்னு யாருக்குத் தெரியும்? என் பொண்ணுக்கு நானே கெடுதல் நினைப்பேனா?”

“தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாம்.”

“நீங்க இருக்கற நிலைமையில எதைச் சொல்றது? சொன்னா உங்க மனசு தாங்குமா? உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் எங்க தலையில போட்டுக்கிட்டோம். உப்புப் போட்டுச் சாப்பிட்டவங்க இப்படித்தான் வந்து கேப்பாங்களா?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். “அவன் ஆம்பளப் பையன்டா” என்றார் தட்டைப் பார்த்து. “நாளைக்குக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும். பொண்ணு எங்க படிச்சா என்ன?”

மிளகு கேட்டுக்கொண்டிருந்தாள். பம்பரமும் கேட்டான். அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “சித்தப்பா, நான் யூனிபார்மைக் கழட்டிடட்டுமா?” என்று கேட்டான்.

அந்த வீட்டில் எனக்குக் கூசாமல் பார்க்க முடிந்த முகம் அவனுடையது ஒன்றுதான். அவனுடைய இடத்தைத்தான் நான் பிடுங்கப் போகிறேன் என்பதும் அப்போதுதான் முழுசாக உறைத்தது.

“வேண்டாம்டா. நல்லா இருக்கு” என்றேன். சட்டையில் தொங்கிய சீட்டைப் பிய்த்துக் கொடுத்தேன். மிளகைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

“தம்பி, செருப்புகூடப் போடாமத் தூக்கிட்டுப் போறீங்களே!” என்று அண்ணி பின்னாலேயே வந்தார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் குரல்.

---

ஸ்கூட்டரில் முன்னால் நின்றபடி மிளகு கேட்டாள். “அப்பா, நிஜமாவே தரையா?”

“தெரியாது.”

“போய்ப் பாக்கலாமா?”

மணி இரண்டு. போனோம்.

டிப்போ பள்ளி விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன். திறந்திருந்தது. சட்டையை முழங்கைக்கு மேல் மடித்த ஓர் அம்மாள் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் தலைமை ஆசிரியை என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

“காயல, தொடாதே” என்றார் மிளகிடம். தொட்டாள். விரல் பச்சையானது.

“நீ இங்க வரப்போறியா?”

“அப்பா இன்னும் முடிவு பண்ணல.”

“உங்க அப்பா மட்டும் இல்ல, இங்க வர்ற எல்லா அப்பாவும் அப்படித்தான்” என்றார் அவர், என்னைப் பார்க்காமலே, தூரிகையை டப்பாவில் முக்கியபடி. கோபம் இல்லை. பழகிப்போன குரல்.

முதல் வகுப்பை இரண்டு மணி வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். ஆள் இல்லை என்றார். மொத்தம் மூன்று ஆசிரியர்கள்.

மிளகு எண்ணிக்கொண்டிருந்தாள். “பதினாறு பெஞ்சு இருக்குப்பா. தரை இல்ல. பெரியம்மாகிட்ட சொல்லணும்.”

அவளுக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் தீரவில்லை. பன்னிரண்டரை மணி அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் இந்தக் கேட்டுக்கு வெளியே யார் நிற்பார்கள் என்பதும், அவளைத் தரையில் உட்கார வைத்தது யார் என்பதும் அப்படியே இருந்தன.

லேப்புக்குக் கூட்டி வந்து குட்டி ஸ்டூலில் உட்கார வைத்தேன். முதலாளியம்மா அவள் பச்சை விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு மெழுகுத் துண்டை உருட்டி அவள் கையில் கொடுத்தார்.

“நாலரை ஆச்சு. ஓடு” என்றார் என்னிடம்.

---

வரிசையில் இன்னும் பத்துப் பேர் மிச்சம். நின்றபடியே மனுவை நிரப்பினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பின்பக்கப் பொடி எழுத்தையும் படித்தேன். காரணம் என்ற இடத்தில், ‘என் வீட்டு மாடியில் யாரும் குடியிருக்கவில்லை. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்’ என்று எழுதினேன். மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கிளார்க் தாளை வாங்கினார். முத்திரையை மையில் ஒற்றினார்.

“தம்பி!”

அண்ணியும் அண்ணனும் வந்துவிட்டிருந்தார்கள். அண்ணி மூச்சிரைக்க ஓடி வந்து கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. சொந்த ரத்தத்து மேலயே புகார் எழுதாதீங்க. குழந்தை இடம் போயிடும், இவரு வேலைக்கும் சிக்கலாயிடும்.”

அண்ணி வரிசையின் பக்கம் திரும்பினார். குரல் மாறியது.

“நீங்களே சொல்லுங்கம்மா. இவரு பொண்டாட்டி என் கூடப்பிறக்காத தங்கச்சி. ஆஸ்பத்திரியில நான்தான் பக்கத்துல இருந்தேன். கடைசியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அக்கா, ரெண்டும் உங்க பிள்ளைங்கதான். எம் பொண்ணை நீங்களே வெச்சு வளர்த்துடுங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது’ன்னா. அவ வாயிலேருந்து வந்த கடைசி வார்த்தை அதுதான். அதைக் காப்பாத்தத்தான் இவ்வளவும் பண்றேன். அதுக்கு இவரு எனக்குக் குடுக்கற மரியாதையைப் பாருங்க.”

வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். காலையில் அழுகை வராமல் தவித்த பெண்மணி இன்னும் அங்கேதான் இருந்தார். இப்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“போனவங்க வாக்கு தம்பி. தட்டாதீங்க” என்றார் அவர்.

இந்தக் கடைசி வார்த்தையை ஏழு மாதத்தில் பத்துப் பேர் வாயில் கேட்டிருக்கிறேன். உறவினர்கள் என் தோளைத் தட்டிக்கொண்டு சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுகொண்டே வந்தது. நான் ஒருமுறையும் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எனக்கென்று எதுவும் மிச்சம் இருக்காது என்று நினைத்தேன். நான் பொத்திப் பொத்தி வைத்த இடத்தில் அண்ணி தன் சரக்கை இறக்கிக்கொண்டார்.

கிளார்க் முத்திரையை அந்தரத்தில் பிடித்திருந்தார். “வாபஸ் வாங்கறதுன்னா இப்பவே சொல்லுங்க சார். இது விழுந்துட்டா அப்புறம் என் கையில இல்ல.”

“அடிங்க” என்றேன்.

அடித்தார். வியாழக்கிழமை, காலை பத்து மணி, மூன்று பேரும் வர வேண்டும் என்றார்.

அண்ணன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “செத்தவ சொன்னதுக்குக்கூட உன்கிட்ட மதிப்பில்லையாடா?”

“அவ சொன்னதுன்னா மதிப்பு உண்டுண்ணே.”

“அப்போ உங்க அண்ணி பொய் சொல்றாங்கறியா?”

“அன்னைக்கு நாலு பத்துக்கு அண்ணி டீ குடிக்கப் போறேன்னு கீழ போனாங்க. போகும்போது அவ கையிலேருந்து தன் கையை உருவிக்கிட்டுப் போனாங்க. அதுவரைக்கும் அவ கண்ணை மூடியே படுத்திருந்தா. தூங்கறான்னு நானும் நினைச்சேன். அண்ணி திரும்பி வந்தப்போ மணி நாலரை. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நடுவுல இருபது நிமிஷம் நான் மட்டும்தான் இருந்தேன்.”

அண்ணி பலகையிலிருந்து கையை எடுத்தார். நான் அவ்வளவு நீளமாகப் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது.

“அதுல பேசினாளா?” என்று கேட்டார் அண்ணன்.

“பேசினா. ஒரு கண்ணை மட்டும் திறந்து பாத்தா. மறு கண்ணையும் திறந்தா.”

“என்ன சொன்னா?”

சொன்னேன்.

“‘அக்கா போயாச்சா? கதவைச் சாத்துங்க.’”